வெட்டப் பணம் உண்டு, தொட்டுப் பார்க்கப் பணம் இல்லை

லாரிக்கு இன்சூரன்ஸ் போட்டவன் ஆயில் மாற்றவும் கிரீஸ் அடிக்கவும் கம்பெனியிடம் பணம் கேட்கிறானா, உடம்புக்குப் பாலிசி எடுத்தவன் மட்டும் ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் ஏன் கையேந்த வேண்டும் என்று கேட்கிறார் கட்டுரையாளர். நோய் வெளிப்படும் முன் செய்யும் பரிசோதனைகளை மருத்துவக் காப்பீடு ஏற்கக் கூடாது என்று நிறுவ அவர் எழுதியிருக்கும் நீண்ட கட்டுரைக்கு இந்த உவமைதான் அச்சாணி. சேலத்துக்காரர்களிடமும் நாமக்கல்காரர்களிடமும் லாரியைப் பற்றிப் பேசத் துணிந்தவர், அதற்கு முன் சங்ககிரியில் ஏதாவது ஒரு பட்டறைத் திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கலாம். எஃப்.சி. என்ற இரண்டெழுத்து எத்தனை லாரி முதலாளிகளின் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பதை ஒரு கிளீனர் பையனே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பான்.

சரக்கு வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு ஆண்டுதோறும், பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் விளக்கையும் காட்டித் தகுதிச் சான்று வாங்காமல் சாலையில் ஏற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். வண்டி எங்காவது மோதி, நஷ்டஈடு கேட்டு விண்ணப்பம் போனால், கம்பெனி கேட்கும் முதல் சில தாள்களில் எஃப்.சி.யும் ஒன்று, அது காலாவதியாகியிருந்தால் பேச்சே வேறு மாதிரி போகும் என்பது வழக்கு நடத்திய ஒவ்வொரு லாரி உரிமையாளருக்கும் தெரியும். பழுது வெளியே தெரியும் முன் சோதித்துப் பார்ப்பது இந்தத் தொழிலில் சட்டக் கடமை, காப்பீட்டு நிறுவனம் வற்புறுத்தும் கடமை. ஆயில் மாற்றுவது பராமரிப்பு. உடம்புக்கு அதற்கு நிகரானது நடப்பதும் நேரத்துக்குச் சாப்பிடுவதும் தூங்குவதும், அவற்றுக்கு யாரும் பாலிசியில் பணம் கேட்கவில்லை. நாங்கள் கேட்பது எஃப்.சி.க்கு நிகரான ஒன்றை. பராமரிப்பு எது, சோதனை எது என்று பிரித்தறியாத ஒருவரை நம்பி எந்தப் பட்டறையில் ஸ்பேனரைக் கையில் கொடுப்பார்கள்?

எதிர்பாராத இழப்பை ஈடுகட்டுவது மட்டுமே காப்பீடு, முன்கூட்டியே தெரிந்த செலவு அதன் எல்லைக்குள் வராது என்று ஒரு வரையறையையும் அவர் போகிற போக்கில் வைத்துவிட்டுப் போகிறார். காப்பீட்டின் வரலாறு அந்த வரையறையை ஏற்கவில்லை. 1866-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் நீராவிக் கொதிகலன்களுக்கென்றே ஒரு காப்பீட்டு நிறுவனம் தொடங்கியபோது, அதன் பெயரில் 'சோதனை' முதலில் வந்தது, 'காப்பீடு' அதற்குப் பின்னால்தான் வந்தது. வெடித்த பிறகு பணம் எண்ணித் தருவதைவிட, வெடிக்காமல் பார்ப்பது மலிவு என்று கணக்குப் போட்டவர்கள் அவர்கள். இரும்புக்குச் சரி, மனிதருக்கு எங்கே என்று கேட்டால் அதற்கும் பதில் உண்டு. 1909-ல் மெட்ரோபாலிட்டன் லைஃப் நிறுவனம் தன் பாலிசிதாரர்களின் வீடு தேடிச் செவிலியர்களை அனுப்பத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளுக்குள், 1913-ல் நியூயார்க்கில் உருவான ஆயுள் நீட்டிப்பு நிலையம், பாலிசிதாரர்களுக்குக் காலமுறைப்படி உடற்சோதனை செய்வதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டது. லாபக் கணக்குப் பார்க்கும் வணிகர்கள் நூறாண்டுக்கு முன் புரிந்துகொண்டதை, இன்று காப்பீட்டு நிபுணராகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறவர் தத்துவத்துக்கே விரோதம் என்கிறார்.

இங்கே பள்ளிபாளையத்தில் சாயப்பட்டறை பாய்லருக்கு 1923-ம் ஆண்டுச் சட்டம் தொட்டு ஆண்டுதோறும் ஆய்வாளர் வந்து சான்று தருகிறார். அந்தப் பாய்லருக்கு விறகு தள்ளுகிறவரின் ரத்த அழுத்தத்தை அளந்து பார்க்க மட்டும் தத்துவம் குறுக்கே வந்து விழுகிறது. இரும்புக் குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்துக்கு ஒரு நியாயம், ரத்தக் குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்துக்கு வேறு நியாயமா?

என் சித்தப்பா கதையை இங்கே சொல்லியாக வேண்டும். சங்ககிரிக்காரர், முப்பது ஆண்டு நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவர். ஐம்பது வயதில் ஒரு பாலிசி எடுத்து ஒரு தவணையும் தவறாமல் கட்டினார். ஆறாவது ஆண்டு, ஒரு நடை முடித்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோது, உள்ளங்காலில் ஆணி ஏறியிருந்ததைச் சித்திதான் பார்த்தார். "ஆணி ஏறுனதே தெரியல கண்ணு" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். சேலத்தில் ஒரு மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்து, சர்க்கரை, சிறுநீரகம், காலுக்குப் போகும் ரத்த ஓட்டம் எல்லாம் பார்த்தார்கள். பில் 11,000 ரூபாய். பாலிசி கொடுத்த நிறுவனம் மறுத்துவிட்டது: நோயறிவதற்காகவும் மதிப்பிடுவதற்காகவும் மட்டுமே சேர்க்கப்பட்டிருப்பதால் இந்தச் செலவு விலக்கில் அடங்கும் என்று ஒரு பக்கக் கடிதம். மூன்று மாதத்தில் திரும்பி வந்து பார்க்கச் சொல்லியிருந்த டாக்டரிடம் அதன்பின் அவர் போகவில்லை. "டெஸ்டுக்குப் பணம் வராதுன்னுட்டாங்க, வலி வந்தா பாத்துக்கலாம்" என்றார். உணர்ச்சி போன காலில் வலி எப்படி வரும்? ஏழு மாதம் கழித்து முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் பில்லுக்கு அதே நிறுவனம் ரொக்கமில்லா முறையில் அன்றைக்கே ஒப்புதல் கொடுத்தது. பார்த்ததற்குப் பணம் தராதவர்கள் வெட்டியதற்குத் தந்தார்கள்.

கட்டுரையாளர் இதைத் தனிப்பட்ட சோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2019-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிறுவனங்களின் விலக்கு வாசகங்களையும் ஒரே வார்ப்பில் கொண்டுவந்தபோது, பரிசோதனைக்காகவும் மதிப்பீட்டுக்காகவும் மட்டுமே சேர்வது என்ற விலக்குக்கு நான்காம் எண் கிடைத்தது. நாட்டில் இன்று விற்கப்படும் பாலிசிகளின் உள்பக்கத்தில் அந்த நான்காம் எண் இருக்கிறது. வேண்டாத சேர்க்கையைத் தடுக்க வந்த விதி என்று அவர் அதற்கு வக்காலத்து வாங்குகிறார். வேண்டாத சேர்க்கை நடக்கிறது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் வெளிநோயாளியாக எடுக்கும் பரிசோதனைக்கும் பணம் இல்லை, உள்ளே சேர்ந்து எடுத்தாலும் பணம் இல்லை என்று இரண்டு வாசலையும் சாத்திவிட்டு, வாசலில் நிற்கிறவனைப் பார்த்து நீ ஏன் ஜன்னல் வழியாக ஏறுகிறாய் என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

பரிசோதனையின் மதிப்பு தெரியாதவர்களா இவர்கள்? பாலிசி கொடுக்கும் முன், வயது கூடியவரென்றால், ரத்தம், சிறுநீர், ஈ.சி.ஜி. என்று வரிசையாக எடுக்கச் சொல்கிறவர்கள் யார்? விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டால் அந்தச் செலவில் பாதிக்குக் குறையாமல் நிறுவனமே ஏற்க வேண்டும் என்று ஆணையத்தின் 2016 விதிகள் சொல்லின. அதற்காக எந்த நிறுவனமும் கடையைச் சாத்திவிட்டு ஓடவில்லை. உள்ளே விடலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும்போது ஒரு துளி ரத்தம் பொன்னைப் போல மதிப்புள்ளது. உள்ளே வந்தவன் காலைக் காப்பாற்ற அதே ஒரு துளி ரத்தம் கேட்டால் அது வீண் செலவு. பரிசோதனையால் பயனில்லை என்று இவர்கள் மனதார நம்பினால், வாசலில் நடத்தும் பரிசோதனையை முதலில் நிறுத்தட்டும்.

பழைய பாலிசிகளில் இலவச உடற்சோதனை என்று ஒரு சலுகை இருந்தது, பலவற்றில் இன்றும் இருக்கிறது. மூன்று அல்லது நான்கு ஆண்டு தொடர்ந்து ஒரு க்ளெய்மும் போடாமல் இருந்தால், காப்பீட்டுத் தொகையில் ஒரு விழுக்காடு அளவுக்குப் பரிசோதனை செய்துகொள்ளலாம். நோயே வராதவனுக்குப் பரிசாகச் சோதனை. ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவனுக்கு, அதாவது சோதனை யாருக்கு உண்மையிலேயே வேண்டுமோ அவனுக்கு, அது கிடையாது. மருத்துவம் தெரிந்த ஒருவர் எழுதிய விதியாக இது படுகிறதா? இந்தச் சலுகையைத்தான் தாராளம் என்று கட்டுரையாளர் உச்சிமுகர்கிறார்.

அவர் தொடவே தொடாத இன்னொரு கேடு இதைவிடப் பெரியது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு முப்பத்தாறு மாதம்வரை காத்திருக்க வைக்கலாம் என்பது 2024 முதல் விதி. அதற்கு முன் நாற்பத்தெட்டு மாதம். தெரிந்த நோயை மறைத்தால் க்ளெய்ம் போகும், பாலிசியே போகலாம். தெரியாத நோயை யாரும் மறைக்க முடியாது என்பதால், ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் ஏஜெண்டுகள் திண்ணையில் உட்கார்ந்து காதோடு சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: "இப்ப எந்த டெஸ்டும் எடுத்துறாதீங்க, பாலிசி விழட்டும், அப்புறம் பாத்துக்கலாங்க." என் சித்தப்பாவுக்கும் அதையேதான் சொன்னார்கள். தன் உடம்பைப் பற்றித் தெரியாமல் இருப்பதே ஆதாயம் என்று ஒரு நாட்டின் காப்பீட்டு முறை அதன் மக்களுக்குக் கற்றுக்கொடுக்கிறது. அந்தப் பாடத்தை நடத்திவிட்டு, மக்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று கட்டுரையின் கடைசிப் பத்தியில் வருத்தப்படுவது சகிக்க முடியாத துணிச்சல்.

அடுத்து அவருடைய பெரிய பீரங்கி. பரிசோதனையை இலவசமாக்கினால் கூட்டம் அலைமோதும், தேவையில்லாதவனும் வந்து ஊசி குத்திக்கொள்வான், பிரீமியம் ஏறும் என்கிறார். இரண்டு பக்கம் தள்ளி, அரசு முகாம் நடத்தினால்கூட ஜனங்கள் எட்டிப்பார்ப்பதில்லை என்கிறார். ஒரே கட்டுரைக்குள் ஒரே ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு வருகிறார்கள், வரவும் மறுக்கிறார்கள். எழுதி முடித்ததும் தன் கட்டுரையைத் தானே ஒருமுறை படித்துப் பார்த்திருந்தால் இதில் ஏதாவது ஒன்றையாவது அடித்திருக்க மாட்டாரா?

உண்மை நிலவரம் இதுதான். 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக வாழ்நாளில் ஒருமுறையாவது சோதிக்கப்பட்ட பெண்கள் தமிழ்நாட்டில் 9.8 விழுக்காடு. நாட்டுச் சராசரி 1.9 என்பதால் நாம்தான் முன்வரிசை. பத்தில் ஒருத்திகூடப் போகாத ஓர் இடத்தில், கூட்டம் தாங்க முடியாது என்று பயம் காட்டுகிறார். மடக்கிய முழங்காலோடு மேசையில் படுத்து அந்தச் சோதனையைச் செய்துகொள்வது திருவிழாவா, இலவசம் என்றதும் ஓடி வருவதற்கு?

இலவசம் கெடுக்கும் என்பதற்கு அவர் மேற்கோள் காட்டுவது 1970-களில் அமெரிக்காவில் நடந்த ராண்ட் காப்பீட்டுப் பரிசோதனை. கையிலிருந்து காசு கொடுக்க வேண்டியிருந்தால் மக்கள் மருத்துவத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்று அந்த ஆய்வு கண்டது உண்மை. அதே ஆய்வின் அடுத்த பக்கத்தை அவர் புரட்டவில்லை, அல்லது புரட்டிவிட்டு மூடிவிட்டார். காசு கேட்டால் வேண்டாத மருத்துவத்தோடு வேண்டிய மருத்துவத்தையும் சேர்த்தே மக்கள் விட்டுவிடுகிறார்கள். ஏழைகளில் ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இலவசமாகப் பார்த்தபோது, அபாயம் மிகுந்தவர்களின் மரண வாய்ப்பு ஏறத்தாழ பத்து விழுக்காடு குறைவாகக் கணிக்கப்பட்டது. அந்த மருத்துவத்தின் முதல் படி என்ன? பட்டையைக் கையில் சுற்றி அழுத்தம் அளந்து பார்த்தது. தன் வாதத்தை வெட்டிச் சாய்க்கும் சான்றைத் தானே மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

ஜனங்கள் வரமாட்டார்கள் என்ற இன்னொரு பாட்டுக்கு நாமக்கல்லே பதில் சொல்லியிருக்கிறது. 1990-களின் இறுதியிலும் அதற்குப் பின்னும் எச்.ஐ.வி. தொற்றில் மாநிலத்தில் முன்னணியில் இருந்ததாக இந்த மாவட்டத்தின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. லாரிக்காரன் சோதனைக்கு வரமாட்டான் என்றுதான் அன்றும் படித்தவர்கள் சொன்னார்கள். நம்பிக்கை மையங்கள் வந்தன. காசு கேட்கவில்லை, பெயரை வெளியே சொல்லவில்லை, சோதனைக்கு முன்னும் பின்னும் ஒருவர் உட்கார்ந்து பேசினார். வந்தார்கள். கர்ப்பிணிகள் வந்தார்கள், டிரைவர்கள் வந்தார்கள், அவர்களுடைய மனைவிமார் வந்தார்கள், தொற்றும் இறங்கியது. அன்றைக்கு இந்த நோயைத் தொடவே மாட்டோம் என்று பாலிசியில் எழுதி வைத்திருந்த துறையின் பிரதிநிதி இன்று நாமக்கல்காரனுக்கு விழிப்புணர்வு பற்றிப் பாடம் எடுக்கிறார்.

கட்டுரையில் சற்றே எடையுள்ள பகுதி ஒன்று உண்டு, அதற்கு உரிய மரியாதையைக் கொடுத்தே பதில் சொல்கிறேன். பரிசோதனைகள் உயிரைக் காப்பாற்றுவதில்லை என்று காட்ட இரண்டு சான்றுகள் தருகிறார். பொதுவான உடற்சோதனைகளால் இறப்பு குறைவதில்லை என்று 2012-ல் வெளியாகி 2019-ல் புதுப்பிக்கப்பட்ட கோக்ரேன் தொகுப்பாய்வு ஒன்று. தென்கொரியாவில் கழுத்தில் ஸ்கேன் வைத்துத் தைராய்டு புற்றுநோயைத் தேடித் தேடிப் பிடித்ததில், 1993-ஐ விட 2011-ல் பதினைந்து மடங்கு நோயாளிகள் உருவாகியும் இறப்பு அசையவே இல்லை என்பது மற்றொன்று. இரண்டும் சரியானவை, இரண்டையும் நான் ஏற்கிறேன். ஆனால் அவை எதை எதிர்க்கின்றன? தலைமுதல் கால்வரை அறுபது டெஸ்ட், நூறு டெஸ்ட் என்று ஆடித் தள்ளுபடியில் புடவை விற்பதுபோல் லேப்கள் விற்கும் பேக்கேஜை எதிர்க்கின்றன. அந்தப் பேக்கேஜை யார் பரிந்துரைக்கிறார்? இவரேதான்! காப்பீட்டை எதிர்பார்க்காமல் ஆண்டுக்கொருமுறை கைக்காசில் மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்துகொள்வதே பொறுப்புள்ள குடிமகனுக்கு அழகு என்று முடிக்கிறார். காப்பீடு கொடுத்தால் பயனற்றதாகிவிடும் சோதனை, நம் சட்டைப் பையிலிருந்து பணம் போனால் மட்டும் எப்படிப் பயனுள்ளதாகிறது?

கோக்ரேன் தொகுத்த ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தவை. அங்கே குடும்ப டாக்டரிடம் சளிக்குப் போனாலும் பிரஷர் பார்த்துவிடுவார். தமிழ்நாட்டில் 2020-ல் நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வு, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் 7.3 விழுக்காடு, சர்க்கரை நோயாளிகளில் 10.8 விழுக்காடு என்று கண்டது. கோபன்ஹேகனில் கூடுதலாக ஒருமுறை பிரஷர் பார்ப்பதால் கிடைக்காத பயன், வீரபாண்டியில் முதல்முறை பார்ப்பவருக்கும் கிடைக்காது என்று அவர் எந்தக் கணக்கில் வந்தடைந்தார்?

நாமக்கல்லுக்குத் தெற்கே காவிரியைத் தாண்டிக் கரூர் வழியாகப் போனால் திண்டுக்கல் மாவட்டம். அங்கே ஒட்டன்சத்திரத்துக்கு அருகே அம்பிளிக்கையை மையமாக வைத்து 2000-ம் ஆண்டில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. முப்பதிலிருந்து ஐம்பத்தொன்பது வயதுவரையான கிராமத்துப் பெண்கள். பயிற்சி பெற்ற செவிலியர்கள். கருவி என்று பார்த்தால் விளக்கு, பஞ்சு, நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது சமையலறை வினிகரில் இருக்கும் அதே பொருள். தடவிவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்தால் சந்தேகப்பட வேண்டிய இடம் வெளுத்துக் காட்டும். 2007-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது: சோதிக்கப்பட்ட ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் வரும் இறப்பு 35 விழுக்காடும் குறைவு. மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாட்டா நினைவு மருத்துவமனை இதே வினிகர் முறையை ஒன்றரை லட்சம் பெண்களிடம் பன்னிரண்டு ஆண்டு தொடர்ந்து ஆராய்ந்து, இறப்பு 31 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. கொரியாவரை விமானம் ஏறிப் போய்ச் சான்று தேடியவருக்கு, பஸ் ஏறினால் வந்துவிடும் அம்பிளிக்கை கண்ணில் படாதது தற்செயலா? அங்கே போயிருந்தால் அவருடைய கட்டுரை அந்த வாசலிலேயே முடிந்திருக்கும்.

இதெல்லாம் அரசின் வேலை, அரசுதான் இலவசமாகச் செய்கிறதே, காப்பீட்டை ஏன் இழுக்கிறீர்கள் என்பது அவருடைய அடுத்த தப்பிப்பு. பரிசோதனை பயனற்றது என்று முந்தைய பக்கத்தில் நிறுவியவர், இந்தப் பக்கத்தில் அதை அரசு செய்தால் நல்லது என்கிறார்! போகட்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. அடுத்த மாதமே சேலம் மாவட்டம் வாழப்பாடியில் வருமுன் காப்போம் முகாம்கள் மீண்டும் தொடங்கின. இரண்டையும் நான் மனமாரப் பாராட்டுகிறேன். குமாரபாளையத்தில் ஒரு தறிப்பட்டறைக்குள் சுகாதாரத் தன்னார்வலரான ஒரு பெண் வந்து வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தறிச் சத்தத்தில் எதுவும் காதில் விழாது. தறியை நிறுத்தினால் மீட்டருக்கு வரும் கூலி நிற்கும் என்பதால், ஓட்டுகிறவர் ஒரு கையால் அறுந்த இழையைப் பிடித்தபடி மறு கையை நீட்டினார். அந்தப் பெண் விரலைக் குத்தி, பட்டையில் ரத்தம் தொட்டு, எண்ணைச் சத்தத்தை மீறிச் சொல்ல முடியாமல் தன் உள்ளங்கையில் எழுதிக் காட்டினார்: 312.

அடுத்து என்ன? சிறுநீரில் புரதம் போகிறதா, கண்ணின் விழித்திரை எப்படி இருக்கிறது, மூன்று மாதச் சராசரி என்ன என்று பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனைக்குப் போனால் இலவசம், ஆனால் ஒரு நாள் கூலி போகும், முடிவு வாங்க மறுநாள் கூலியும் போகும். தெருமுனை லேபுக்குப் போனால் கைக்காசு. முதல் சோதனைக்கும் சிகிச்சைக்கும் நடுவிலுள்ள இந்த இடத்தில்தான் மனிதர்கள் தொலைகிறார்கள். வினிகர் சோதனையில் வெள்ளை தெரிந்த பெண், கால்போஸ்கோப்பிக்கும் பயாப்சிக்கும் போகாமல் நின்றுவிடும் இடமும் இதுவே. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை அவர்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை. சிறுநீரகம் செயலிழந்தால் டயாலிசிஸுக்கு அதில் இடம் உண்டு. நோய் முற்றி மருத்துவர் எழுதிக் கொடுத்தால் சில பெரிய பரிசோதனைகளுக்கும் இடம் உண்டு. சிறுநீரகம் கெடுகிறதா என்று பார்க்கும் சில நூறு ரூபாய்ச் சோதனையைத் தெருமுனை லேபில் அந்த அட்டையைக் காட்டிச் செய்துகொள்ள வழியில்லை.

இத்தனை வாதங்களுக்கும் அடியில் இருக்கும் உண்மைக் காரணத்தை அவர் ஒரு வரியில்கூட எழுதவில்லை, நான் எழுதுகிறேன். பாலிசி ஓராண்டுச் சரக்கு. இன்றைக்கு எடுக்கும் சோதனையின் பலன் பத்தாண்டு கழித்து வரும்; அதற்குள் வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டால், நான் நட்ட தென்னையில் அடுத்த வீட்டுக்காரன் இளநீர் குடிப்பான். இது வணிகக் கணக்கு, அதை வணிகக் கணக்கென்றே சொல்லியிருந்தால் மதித்திருப்பேன். எல்லா நிறுவனங்களும் ஒரே பட்டியலை ஏற்க வேண்டும் என்று ஆணையம் விதித்தால் அந்தக் கணக்கும் நேராகிவிடும், ஏனென்றால் எல்லோரும் எல்லோருக்காகவும் நடுகிறார்கள். அமெரிக்காவில் 2010-ம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் விதித்தது. 2025 ஜூனில் அந்நாட்டு உச்சநீதிமன்றத்தில் அந்த ஏற்பாடு வழக்கைத் தாண்டி நின்றது. பணமில்லை என்ற புலம்பலும் எடுபடாது. தனித்த மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் 2022-23-ல் ஈட்டிய ஒவ்வொரு நூறு ரூபாய் பிரீமியத்துக்கும் க்ளெய்மாகத் திருப்பித் தந்தது 65 ரூபாய்க்கும் குறைவு. இது ஆணையத்தின் சொந்தக் கணக்கு.

அரசுத் திட்டத்துக்கோ இந்தச் சாக்கே கிடையாது. தறிக்காரர் கம்பெனி மாறப் போவதில்லை; இன்றைக்கும் பத்தாண்டு கழித்தும் அவருக்காகப் பணம் கட்டப் போவது இதே மாநில அரசு. 2022 ஜனவரியில் யுனைடெட் இந்தியா நிறுவனத்தோடு ஐந்தாண்டுக்குச் செய்த ஒப்பந்தத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் என்று விலை பேசியது அரசு. வாங்குகிறவர் கையில்தான் பட்டியல் இருக்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீர்ப் புரதம், விழித்திரை, கருப்பைவாய், மார்பகம், புகையிலை போடுகிறவர்களுக்கு வாய். இவற்றில் முதல் சோதனை தப்பாக வந்தால் அடுத்த சோதனை. அன்றைய கூலிக்கு ஒரு தொகை. அடுத்த ஒப்பந்தத்தில் இந்த ஒரு பக்கம் சேர வேண்டும். கொரியாவின் கழுத்து ஸ்கேனை யாரும் கேட்கவில்லை.

கடைசியாக, தனிமனிதப் பொறுப்பு என்று அவர் நடத்தும் பாடம். வருமான வரிச் சட்டத்தின் 80டி பிரிவில் முன்தடுப்புச் சோதனைக்கு 5,000 ரூபாய்வரை கழிவு உண்டே என்கிறார். பழைய வரிமுறையில் இருப்பவருக்கு மட்டுமே அது உண்டு, புதிய முறையில் கிடையாது என்பதை அவர் சொல்லவில்லை. பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறவரிடம் போய் 80டி என்று சொல்லிப் பாருங்கள், தறியின் உதிரிப் பாகம் என்று நினைப்பார். 2025-ல் அதே பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்ற செய்தி மாநிலத்தை உலுக்கியது. இருக்கும் இரண்டில் ஒன்றைக் கொடுத்துவிட்ட மனிதருக்கு, மிச்சமிருக்கும் ஒன்று எப்படி இருக்கிறது என்று ஆண்டுக்கொருமுறை பார்த்துச் சொல்ல வேண்டாமா? அதற்கும் கைக்காசு எடுத்து வா என்று சொல்ல இவருக்கு நா எழுகிறது. நாமக்கல்லின் முட்டைக் கோழிக்கு ரத்தம் எடுத்து நோய் எதிர்ப்பு அளவு பார்க்கக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆய்வகம் இருக்கிறது. ஒரு கோழியும் சுருண்டு விழும் முன்பே பண்ணைக்காரர் மாதிரி கொடுத்தனுப்புகிறார், ஏனென்றால் விழுந்த பிறகு பார்த்தால் கொட்டகையே போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பண்ணையில் தீவனம் அள்ளிப்போடும் பெண்ணின் ரத்தத்தை யார் எடுத்துப் பார்த்தார்கள்?

போன மாதம் சித்தப்பாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். மிச்சமிருக்கும் காலைச் செவிலியர் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். ஒரு பிடியில் செருகிய நைலான் இழை, தூண்டில் நரம்பு மாதிரி. "கண்ணை மூடிக்குங்கய்யா, பட்டாச் சொல்லுங்க" என்றார். பெருவிரலில் இழை வளைந்தபோது சித்தப்பா "ம்" என்றார். நடுப்பாதத்தில் "ம்" என்றார். குதிகாலில் இழை வளைந்து நிமிர்ந்தது, மறுபடியும் வளைந்து நிமிர்ந்தது. அவர் கண்ணை மூடியபடி காத்துக்கொண்டே இருந்தார். செவிலியர் சீட்டில் ரத்த ஓட்ட ஸ்கேன் என்று எழுதி, சேலத்தில் எடுத்துட்டு வந்துருங்க என்றார். சித்தப்பா சட்டைப் பையிலிருந்து காப்பீட்டு அட்டையை எடுத்து நீட்டினார்.

"அது இதுக்கு ஆகாதுங்கய்யா" என்றார் அந்தப் பெண்.